கிணற்று நீர் பற்றிய மூன்றாவது கேள்வி

முரசுமோட்டை
12.01.2024

அன்புள்ள தம்பி குகதாசனுக்கு,

இங்கு நாம் சுகம். அங்கு குளிர் கடுமை என்று அறிந்தேன், உடம்பைக் கவனித்துக்கொள். நீ அனுப்பும் குரல்பதிவுகளில் பாதி காற்றிரைச்சல். ஆகவே மின்னஞ்சலில் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் தா.

கிளிநொச்சியில் மூன்று மாடிக் கண்ணாடிக் கட்டடமொன்றைக் கழுவும் வேலை எனக்கும் தங்கச்சி பிரியந்தினிக்கும் கிடைத்திருக்கிறது. என் முழங்கால் உனக்குத் தெரியும். ஏணியில் ஏறுபவள் அவள்தான். அவளை அதிலிருந்து இறக்கவேண்டும். கிளாஸ்கோவில் நீங்கள் நிலத்தில் நின்றபடியே, தண்ணீர் ஏறிவரும் நீண்ட தடியால் கழுவுகிறீர்களே, அதில் ஒன்று வேண்டும். மூன்று கேள்விகள். எத்தனை அடித் தடி? காபன் தடியா, பைபர் தடியா, அவள் தோளுக்கு எது பாரம் குறைவு? எங்கள் கிணற்று நீர், கொதிக்கவைக்கும் கேத்தலில் வெள்ளைப் படிவு விடுவது. அதற்கு வடிகட்டி தேவையா?

அன்புடன்,
அண்ணா நடராசா


கிளாஸ்கோ
03.02.2024

அன்பின் பெரியண்ணாவுக்கு,

எழுதித்தான் தரவேணும் எண்டு வாத்தியார் மாதிரி நிக்கிறியள், எழுதுறன். முப்பதடி காணும். காபன்தான். பைபர் எண்டால் பின்னேரம் கை விறைச்சுப்போம், பிரியா என்னைத்தான் திட்டுவாள். தடி, பிரஷ், குழாய் எல்லாம் பெட்டி கட்டிப் போட்டன். நீங்கள் ஒண்டும் வாங்கவேண்டாம். கிணத்து மோட்டரில பூட்டுங்கோ, கழுவுங்கோ, துடைக்காமல் காயவிடுங்கோ. இருபது வருசமா இதுதான் என்ர சோறு, அண்ணா!

பெட்டி வந்தவுடன பிரியா தடியோட நிக்கிற படம் ஒண்டு அனுப்புங்கோ. இஞ்ச ஊர்ச்சங்கக் கூட்டத்தில காட்டவேணும்.

பாசத்துடன்,
தம்பி குகன்


முரசுமோட்டை
16.04.2024

அன்புள்ள தம்பிக்கு,

பெட்டி வந்தது. படத்தை இணைத்துள்ளேன். "நிலத்தில நிண்டே மூண்டாம் மாடியைத் தொட்டிட்டன், பாருங்கோ" என்று சிறுபிள்ளைபோலச் சிரித்தாள்.

ஆனால் கண்ணாடி காய்ந்ததும் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள். வெள்ளிக்கிழமை திறப்புவிழா, அதற்குள் சுத்தமாகவேண்டும் என்கிறார் உரிமையாளர். தண்ணீர்தான் காரணம் என்று நினைக்கிறேன். என் மூன்றாவது கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. உடனே எழுது.

அண்ணா


கிளாஸ்கோ
17.04.2024

அன்பின் அண்ணாவுக்கு,

வேலைக்குப் போற அவசரத்தில எழுதுறன். தண்ணி தண்ணிதானே அண்ணா! நான் இஞ்ச பைப் தண்ணியை நேர பூட்டுறன், ஒரு புள்ளி விழாது. நீங்கள் தூசைச் சரியாக் கழுவேல்லை. வினாகிரி கலந்து பிரியாவை ஒருக்காத் துணியால துடைச்சுவிடச் சொல்லுங்கோ. ஒருநாள்தானே, ஏணியில ஏறட்டும்.

படம் நல்ல வடிவு. பெரிசாக்கிச் சங்க மண்டபத்தில மாட்டப்போகினம்.

குகன்


முரசுமோட்டை
02.06.2024

குகதாசனுக்கு,

தொலைபேசியில் "விழுந்துவிட்டாள்" என்று மட்டுமே சொன்னேன். மீதியை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை அவள் ஏறினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கையில் துணி, மறு கையில் வினாகிரிப் போத்தல். பிடிப்பதற்கு அவளுக்குக் கை இருக்கவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இனி வராது என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் இரசாயனவியல் படித்த பட்டதாரி. உப்புக் கரைந்த நீர் காய்ந்தால் என்ன மிஞ்சும் என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியென்பதால் என் படிப்பை ஒதுக்கிவைத்தேன். அது என் பிழை. அதை உன்மேல் சுமத்தவில்லை. உன் நகரத்துத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. உனக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம். நான் கேட்டிருந்தேன். மூன்று கேள்விகளில் இரண்டை மட்டும் வாசித்தாய். மூன்றாவதை மறுபடி கேட்டபோது அவளை ஏணியில் ஏற்றினாய்.

நேற்று, சந்தியில் கிணற்று நீரின் உப்பை வடிகட்டிக் குடிநீராக விற்கும் இடத்தில் இரண்டு கான் தண்ணீர் எடுத்துவந்தேன். உன் தடியால் எங்கள் வீட்டு யன்னலைக் கழுவிக் காயவிட்டேன். ஒரு புள்ளியும் இல்லை. அந்த இடம் சைக்கிளில் ஐந்து நிமிடம்.

தடி நல்ல தடி. நீ சொன்னதுபோலப் பாரமே இல்லை.

சங்க மண்டபத்திலிருந்து அவள் படத்தைக் கழற்றிவிடு.

"சின்னண்ணாவுக்குத் தண்ணியின்ர கதையை எழுதாதேங்கோ, அவர் தாங்கமாட்டார்" என்று கட்டிலில் கிடந்தபடி சொன்னாள். எழுதிவிட்டேன் என்று அவளுக்குச் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே.

அவளுக்கு எழுது. எனக்கு எழுதவேண்டாம்.

நடராசா