நடுத் தூணுக்கு இரண்டு பங்கு

நவம்பர் 3, திங்கள்

விடியற்காலையில் சுமத்ராக் காற்று, கடல் தாண்டி வரும் சூறை. கடலோரம் நாங்கள் எழுப்பும் நாலு மாடிக் கிடங்கின் சாரம் ஆடியதாம். மேஸ்திரி ஆபீஸுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிடங்கு காற்றைத் தாங்குவதற்கான கணக்கு நான் போட்டது.

பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். வரிசைக்கு நாலு தூண். காற்றின் தள்ளலை நாலுக்கும் சமமாகப் பிரித்திருக்கிறேன், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி. தப்பு. ஓரத் தூணுக்கு ஒரு பங்கு, நடுத் தூணுக்கு இரண்டு. நடுத் தூணில்தான் இரு பக்கமும் உத்தரம் சேர்கிறது. மொத்தம் ஆறு பங்கு. ஆறில் இரண்டு தாங்க வேண்டியதை நாலில் ஒன்றுக்குக் கட்டியிருக்கிறோம். தெரிந்த விதிதான். எப்படி விட்டேன்?

இரண்டு மாடி கான்கிரீட் போட்டாயிற்று.

நவ. 4

மழை. குடைக் கம்பி ஒடிசல், சரிபண்ணக் கொடுக்க வேண்டும்.

தாளின் கீழே இரண்டு கையெழுத்து. கணக்கிட்டது நான். சரிபார்த்தது நாகலிங்கம், பக்கத்து மேஜை. காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, சும்மா இருங்கண்ணே. ரப்பர் வெல விழுந்ததிலேர்ந்து ஆளக் கொறைக்க வழி தேடிட்டிருக்காங்க. எனக்கு ஆறு பிள்ளைங்க."

எனக்குப் பிள்ளை இல்லை. அவன் அதைச் சொல்லவில்லை. சொன்ன மாதிரிதான் இருந்தது.

நவ. 6

தூக்கமில்லை. அந்தத் தூண்களுக்கு நடுவேதான் மூட்டை தூக்குகிறவர்கள் நடமாடுவார்கள்.

கணக்கைத் தப்போடு அப்படியே புதுத் தாளில் படி எடுத்தேன். சரிபார்த்தவர் இடம் காலி. பழைய தாள் அடுப்பில்.

காலையில் புதுத் தாளை எஞ்சினியர் துரையிடம், எங்கள் துவானிடம், கொடுத்துத் தப்பைச் சொன்னேன். கணக்குப் போடும் ஸ்லைடு ரூலை அவர் இரண்டு முறை தள்ளினார். போதுமாக இருந்தது. யார் சரிபார்த்தது என்றார். யாருமில்லை துவான், நானே அனுப்பிவிட்டேன் என்றேன்.

நடுத் தூண்களைக் கம்பி சுற்றிப் பருமனாக்க உத்தரவு. எனக்கு இன்றோடு வேலை இல்லை. தெருவில் வரும்போது நிம்மதியாகக்கூட இருந்தது. வீட்டில் ராஜத்திடம் சொன்னதும் அதுவும் போயிற்று.

"அவருக்காகப் பொய் சொன்னீங்க, சரி. நமக்காக யாருங்க சொல்வாங்க?"

ஒடிந்த குடையை எடுத்துக்கொண்டு சரிபண்ணக் கொடுக்கப் போனேன்.

நவ. 10, திங்கள்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

என் மேஜை இப்போது நாகலிங்கத்துக்கு. மாலையில் வந்தான். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு வரைபடச் சுருள்.

"புதுக் கட்டடம்ணே. தொர காத்துக் கணக்கு கேக்குறாரு. போட்டுக் குடுங்க."

"இத்தனை வருஷம் நீதானப்பா சரிபார்த்த?"

"கூட்டல் சரியான்னு பாப்பேன். மத்தது எனக்குத் தெரியாதுண்ணே. எப்பவுமே தெரியாது. நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்னு…"

கோபம். அவன் மேலா, என் மேலா, தெரியவில்லை. சுருளை வாங்கி வைத்தேன்.

அவன் போனதும் பென்சில் எடுத்தேன், வேறு கணக்குக்கு. அவன் கையெழுத்தோடு போன என் கட்டடங்கள்:

மூவார் கிடங்கு.
தங்காக் துணிக்கடைகள், மூன்று மாடி.
மெர்சிங் ஐஸ் ஆலை.

மூன்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள். எதில் காற்றை எப்படிப் பிரித்தேன், நினைவில்லை. தாள்கள் எல்லாம் நான் இனி நுழைய முடியாத ஆபீஸில்.