செவ்வந்தி கை நீட்டமாட்டாள்

பயண நாள் 141 / காலை

பிராணவாயு சேர்த்துக் காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டிகள் இரண்டில் ஒன்று இன்று நின்றுவிட்டது. உள்ளே விசிறியின் பேரிங் தேய்ந்து இறுகிப்போயிருக்கிறது. என் சரக்கறை முழுக்கப் பேரிங்தான். இரண்டு மணி நேரம் தேடினேன். இந்த அளவில் ஒன்றுகூட இல்லை. மற்ற பெட்டி ஓடுகிறது. ஓர் ஆளுக்கு அது போதும்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் சேர்மக்கனி, ஊர் தூத்துக்குடி. சைக்கிளில் பழைய பேட்டரி விற்று ஆரம்பித்தவன். இன்று சொந்தக் கப்பல், சொந்தச் சரக்கு. நிலாவில் ஏற்றிய உதிரிபாகங்களைச் செவ்வாய்க்குக் கொண்டுபோகிறேன். எனக்குப் பின்னால் ரேடியோ எட்டும் தூரத்தில் நாச்சிமுத்துவின் கப்பல் வருகிறது. அவன் காங்கயத்துக்காரன். இருவரும் எஞ்சினை அணைத்துவிட்டு மிதந்துகொண்டிருக்கிறோம். செவ்வாய் போய்ச் சேர இன்னும் மூன்று மாதம்.

பொழுது போக வேண்டுமே. மூன்று பேராகச் சேர்ந்து ஒரு கதை நடத்துகிறோம். மூன்றாவது ஆள் நாச்சிமுத்துவின் மனைவி மரகதம். செவ்வாய்த் துறைமுகத்தில் எடை போடும் பிரிவில் வேலை. கதையில் ஓர் ஆற்றங்கரை ஊர், நீலத்துறை. ஆளுக்கொரு பாத்திரம். அவரவர் பாத்திரத்தை அவரவர்தான் பேசவைக்கலாம், நடக்கவைக்கலாம். அடுத்தவர் பாத்திரத்தின் சுண்டுவிரலைக்கூட அசைக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு முறைதான் எழுதலாம்.

நான் முதலில் உருவாக்கிக் கொடுத்தது ஒரு ராஜா. தோற்காதவன், அழகன், பணத்துக்குப் பஞ்சமில்லாதவன். மரகதத்தின் குரல் சிரிப்போடு வந்தது:

"ஏனுங்க அண்ணாச்சி, இவருக்கு எதுவுமே வேண்டாமாட்ட இருக்குதுங்களே! எதுவும் வேண்டாத மனுசன் எங்க சந்தைக்கு எதுக்குங்க வர்றாரு?"

எனக்குச் சுருக்கென்றது. தேவை இல்லாதவன் எந்தக் கடைப்படியும் ஏறுவதில்லை. நாற்பது வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம் அது. பாத்திரத்துக்கு ஓர் ஆசை, ஒரு பயம், 'செத்தாலும் செய்யமாட்டேன்' என்று ஒன்று, இவ்வளவும் இருந்தால்தான் மற்றவர்கள் அதோடு பேச வருவார்கள் என்றாள் மரகதம். ராஜாவைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடக்காரி செவ்வந்தியை உருவாக்கினேன். இன்னொரு ஓடம் வாங்க ஆசை. ஆற்றில் பிழைத்தும் தண்ணீரென்றால் நடுக்கம். செத்தாலும் யாரிடமும் கை நீட்டமாட்டாள். நாச்சிமுத்து உடனே பிடித்துக்கொண்டான்:

"அண்ணாச்சி, இது நீங்கதானுங்க! சேலை கட்டி உட்டுருக்கீங்க, அம்புட்டுத்தான்."

அவனுடைய பாத்திரம் கிடங்குக்காரர் பூபதி. பேரம் பேசாமல் ஒரு மணி நெல்லும் தராதவர். ஒரு தடவை செவ்வந்தி அவரை ஏமாற்றிவிட்டாள், அதிலிருந்து இருவருக்கும் ஆகாது. அந்தச் சண்டையால்தான் கதை ஓடுகிறது.

நான் சேர்த்த விதி ஒன்று உண்டு. கதையில் கை மாறுகிற பொருள் நிஜத்திலும் கை மாற வேண்டும். பூபதி கருப்பட்டி விற்றால் அவன் கப்பலிலிருந்து ஆளில்லாச் சின்ன வண்டி ஒன்று கருப்பட்டியோடு என் கதவுக்கு வரும். வெறும் பேச்சு எனக்குச் சரிப்படாது.

பயண நாள் 143 / மதியம்

இரண்டாவது பெட்டியும் திணறுகிறது. மின்சுற்று சூடாகி நின்று நின்று ஓடுகிறது. கழற்றிப் பார்த்தேன். என்னால் ஆகாது.

நாச்சிமுத்துவிடம் பிராணவாயு உருளைகள் நிறைய உண்டு, செவ்வாய் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் சரக்கு. குரல் ரேடியோவில் கூப்பிட்டேன். பதில் இல்லை. தூங்குகிறான்போல. அவன் முறை எழுத்து மட்டும் வழக்கமான நேரத்துக்கு வந்தது. பூபதி கிடங்கு வாசலில் உட்கார்ந்து செவ்வந்தியின் ஓடத்தில் ஓட்டை இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பயண நாள் 144 / காலை

அபாய அழைப்பு விடுத்தேன். நாச்சிமுத்து எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப விடுத்தேன். துறைமுகம் எடுத்தது. எங்களை எட்டக்கூடிய கப்பல் எதுவும் இல்லையாம். பின்னால் வருபவரிடம் உதவி கேட்கும்படி அறிவுரை. நன்றி சொல்லி வைத்தேன்.

பயண நாள் 144 / மாலை

மரகதத்திடமிருந்து:

"அண்ணாச்சி, எங்கூட்டுக்காரரு கூடப் பேசுனீங்களா? எனக்கு ரொம்ப நாளா எழுத்துத்தானுங்க வருது, கொரலே வர மாட்டேங்குது. நேத்து 'நலம்'னு எழுதியிருக்காரு. அவரு 'நலம்'னு எழுதற ஆளுங்களா? 'இன்னும் சாகல, கவலைப்படாத'ம்பாரு. வாயில நல்ல வார்த்தையே வராதுங்க அவருக்கு."

பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். தலை வலிக்கிறது. காற்றினால்தான்.

பயண நாள் 145 / காலை

கழன்று மிதக்கும் சரக்கைத் தேடுவதற்கு என்னிடம் வெப்பம் காட்டும் கேமரா ஒன்று உண்டு. அதை அவன் கப்பல் பக்கம் திருப்பினேன்.

எஞ்சின் அறை இளஞ்சூடு. கணினி இருக்கும் இடம் இளஞ்சூடு. ஆள் இருக்கும் அறை, வெளியே தொங்கும் இரும்புப் பெட்டிகளைப் போலவே கறுப்பு. மனிதன் மூச்சு விடுகிற அறை அப்படித் தெரியாது.

நாச்சிமுத்து இல்லை. எப்படிப் போனான், எப்போது போனான், தெரியாது. இந்தக் குளிர் ஒரு நாளில் வந்ததல்ல.

பயண நாள் 145 / மாலை

உட்கார்ந்து யோசித்தேன். அழுதும் முடித்தேன். இனி கணக்கு.

எழுதுவது அவன் கப்பலின் மூளை, அதாவது கப்பலை நடத்தும் கணினி. புறப்பட்ட புதிதில் அவனே சொன்னான்: "நான் தூங்கிட்டா என்ற முறையை மூளையே எழுதிக்குமுங்க. பூபதி வித்த சரக்கையும் அதுவே வண்டியில ஏத்தி அனுப்பிப் போடும். மரகதம் கேட்டா நல்லா இருக்கறேன்னும் சொல்லிரும். சோம்பேறிக்கு அதுக்கு மேல என்னங்க வேணும்?"

அபாய அழைப்புக்குப் பதில் சொல்ல ஓட்டுநர் கை வேண்டும். மூளைக்கு அந்த அதிகாரம் இல்லை. கதை எழுதவும், கதையில் விற்றதை அனுப்பவும் மட்டும் அதிகாரம் உண்டு.

துறைமுகத்தில் சொல்லலாமா? ஓட்டுநர் இறந்தது பதிவானால் அந்த நிமிடமே கப்பலைத் தொலைவிலிருந்து பூட்டிவிடுவார்கள். மூளையை அழிப்பார்கள், கதவுகள் அடைபடும், மீட்புக் குழு நேரில் போய்த்தான் திறக்கும். நடுவழியில் சரக்குத் திருட்டு பெருகியபோது வியாபாரிகள் நாங்கள் மனுப்போட்டு வாங்கிய சட்டம். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது.

ஆக, எனக்கு மூச்சு வேண்டுமென்றால் ஒரே வழிதான். செவ்வந்தி பூபதியிடம் வாங்க வேண்டும்.

பயண நாள் 146 / காலை

என் முறையில் எழுதினேன்: 'செவ்வந்தி ஓடிவந்து பூபதியின் காலில் விழுந்தாள். காப்பாற்றுங்கள், மூச்சு முட்டுகிறது, இருபது உருளை கொடுங்கள் என்று கதறினாள்.'

திரும்பி வந்தது: "செவ்வந்தி இப்படிப் பேசமாட்டாள். திருத்தி அனுப்பவும்."

கதை விதியெல்லாம் அதற்கு மனப்பாடம். பாத்திரம் பாத்திரமாக நடக்காவிட்டால் முறை செல்லாது.

கதையை ஓரமாக வைத்துவிட்டு வெளிப்படையாக எழுதினேன். 'ஏய் மூளை, நான் சேர்மக்கனி, நிஜமான ஆள், செத்துக்கொண்டிருக்கிறேன்.'

"இந்தப் பெயரில் நீலத்துறையில் யாரும் இல்லை. திருத்தி அனுப்பவும்."

திரையில் ஒரு குத்து விட்டேன். விரல் வீங்கியதுதான் மிச்சம்.

பயண நாள் 146 / மாலை

பெட்டி இப்போது நிற்கும் நேரம்தான் அதிகம். உடம்பெல்லாம் வியர்வை. எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது.

செவ்வந்திக்குப் பொய் வரும். ஆகவே பொய் எழுதினேன். 'அக்கரையில் ஒரு கல்யாணவீடு, உருளைக்கு நல்ல விலை தருகிறார்கள், பாதி லாபம் உங்களுக்கு' என்றாள்.

பூபதியிடமிருந்து: "அடி செவ்வந்தி, போன தடவையும் கல்யாணவீடுதான். மாப்பிள்ளையும் வரவில்லை, என் நெல்லும் வரவில்லை. எழுந்து போ, ஈ மொய்க்கிறது."

சிரித்துவிட்டேன். நாச்சிமுத்துவின் நையாண்டி அப்படியே. சிரித்ததில் மூச்சு வாங்கிப் படுத்துவிட்டேன். இறந்தவன் என்னோடு மல்லுக்கு நிற்கிறான். அவன் இடத்தில் உட்கார்ந்திருப்பது எதுவோ, அது அவனை நன்றாகப் படித்திருக்கிறது.

பயண நாள் 147 / காலை

விழித்ததே அதிசயம். இரண்டாவது பெட்டி நின்றுவிட்டது. அறையில் இருக்கும் காற்றுதான் இனி. ஒரு நாள் வரலாம்.

மூடத்தனம் செய்திருக்கிறேன். எனக்கு என்ன வேண்டும் என்றே கத்திக்கொண்டிருந்தேன். அப்படிக் கத்துகிறவனுக்கு எந்தக் கடைக்காரன் இறங்கிவருவான்? எதிரே நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மரகதம் அந்த ராஜாவைப் பார்த்துச் சிரித்தாளே. எழுதுகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஏதாவது வேண்டியிருக்கும். பூபதிக்கு என்ன?

எழுதினேன்: 'செவ்வந்தி கிடங்கு வாசலில் நின்றாள். உட்காரவில்லை. "யோவ் பூபதி, நான் கேட்டு வரவில்லை, விற்க வந்திருக்கிறேன். உமக்கு ஒன்று வேண்டும். எனக்குத் தெரியும். கூச்சப்படாமல் சொல்லும், விலை பேசுவோம்" என்றாள்.'

திருப்பி அனுப்பவில்லை. பதிலும் இல்லை.

பயண நாள் 147 / மதியம்

பூபதியிடமிருந்து:

"கேட்கத் தெரிந்துகொண்டாய். சொல்கிறேன். இந்தக் கிடங்கின் சொந்தக்காரர் போய்விட்டார். ஊருக்குத் தெரிந்தால் என்னையும் உள்ளே வைத்துப் பூட்டி, விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டு எனக்கு ஆகாது, செவ்வந்தி. நான் இன்னும் பேச வேண்டும். சந்தைக்காரி கேட்டால் சொந்தக்காரர் நலம் என்று சொல்ல ஊரில் ஒரு வாய் வேண்டும். என் வாயை அவள் நம்பவில்லை. உன் வாயை நம்புவாள்."

சந்தைக்காரி, மரகதத்தின் பாத்திரம்.

இதில் நாச்சிமுத்து எங்கும் இல்லை. பேசியது வேறொன்று.

பயண நாள் 147 / மாலை

மரகதத்திடமிருந்து:

"அண்ணாச்சி, என்னால முடியலீங்க. நாளைக்குக் காத்தால ஆபீசர்கிட்டச் சொல்லி அந்தக் கப்பலைச் சோதிக்கச் சொல்லப் போறேன். தப்பா இருந்தா இருந்துட்டுப் போவுது. இல்லீன்னா நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அவரு கொரலைக் கேட்டேன், நல்லா இருக்காருன்னு. நீங்க சொன்னா நான் நம்பறனுங்க. நீங்க வியாபாரத்துல எத்தனை பொய் வேணாச் சொல்லுங்க, என்றகிட்டச் சொன்னதில்லைங்க."

அவளிடம் உண்மையைச் சொல்லி வாயை மூடிக்கொள்ளச் சொல்லலாம். துறைமுகத்துக்குப் போகும் ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகிறது. சொன்னால் பூட்டுவார்கள். பூட்டினால் நான் காலி.

சொல்லாவிட்டால் அவள் மூன்று மாதம் செத்தவனுக்குச் சமைக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பாள்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. இதுவரை வாழ்ந்தது போதும் என்று சொல்லிப் பார்த்தேன். வாய்தான் சொன்னது. நெஞ்சு காற்றுக்கு அடித்துக்கொண்டது.

பயண நாள் 147 / பிறகு

மரகதத்துக்கு அனுப்பியது, என் குரலில், அப்படியே எழுதிவைக்கிறேன்:

"ஏம்மா மரகதம், எதுக்கும்மா இப்படிப் பதறுதே? ஒம் புருசங்கிட்ட இப்பதான் பேசினேன். ரேடியோல மைக்கு போயிருச்சாம், பக்கத்துல இருக்க எனக்கே கிணத்துக்குள்ளருந்து பேசுத மாதிரிதான் கேக்கு. இன்னும் சாகலன்னு சொல்லச் சொன்னான். ஆபீசருகிட்டல்லாம் போவாதம்மா. கப்பலைப் பூட்டிட்டாம்னா அவம் பொழப்பு போயிரும்."

நடுவில் மூச்சு வாங்கியது. சளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பயண நாள் 148 / காலை

மரகதத்திடமிருந்து:

"ஐயோ, நீங்க நல்லா இருக்கோணும் அண்ணாச்சி! 'இன்னும் சாகல'ன்னாரா? அது அவருதானுங்க, அவரேதான். நேத்துதான் பொட்டுத் தூக்கம் தூங்குனேன். இன்னொருக்காப் பேசுனா, இந்த மனுசன் மைக்கைக்கூடப் பாத்துக்க மாட்டாரான்னு நாலு கேளுங்க."

அதை முழுதாகக் கேட்க முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

ரேடியோவில் போன என் குரலைப் பூபதியும் கேட்டிருக்க வேண்டும். சற்று நேரத்தில் கதவில் ஏதோ தட்டியது. சின்ன வண்டி. உள்ளே ஒரு உருளை. இருபது இல்லை, ஒன்று. நாளைய முறை நேரம் வரைக்கும் சரியாக வரும்.

மூடியைத் திறந்து முகத்தை வைத்துக்கொண்டேன். கண்ணில் நீர் வழிந்தது. எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

பயண நாள் 148 / மதியம்

மொத்தமாகத் தரச்சொல்லிச் செவ்வந்தி மதியம் வரை பேரம் பேசினாள். பேரத்துக்கு மட்டும் முறைக் கணக்கு பார்க்கவில்லை. பூபதி அசையவில்லை. "மொத்தமாகத் தந்தால் நீ நாளைக்கு வரமாட்டாய்" என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

படிந்த பேச்சு இது. கண்டெடுப்பவர் படித்துக்கொள்ளட்டும்.

நாளுக்கு செவ்வந்தியின் முறை ஒன்று. அதற்கு உருளை ஒன்று. முறை தவறினால் உருளை இல்லை.

சந்தைக்காரி கேட்கும்போதெல்லாம் சொந்தக்காரர் நலம் என்று செவ்வந்தி சொல்வாள். என் குரலில்.

துறைமுகம் தெரியும் தூரம் வருமுன் பூபதியைச் செவ்வந்தியின் ஓடத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும், அதாவது அந்த மூளையை அப்படியே என் கப்பலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதன்பின் அவரை யாரும் இறக்கிவிடக் கூடாது.

கடைசி ஷரத்து பூபதி சேர்த்தது. அடித்துவிடச் சொன்னேன், மறுத்துவிட்டார். ஒத்துக்கொண்டேன். என்னால் எழுத முடியாமல் போகும் நாளிலிருந்து செவ்வந்தியின் முறையையும் அவரே எழுதுவார். சேர்மக்கனி நலம் என்று கேட்பவர்களுக்கு அவரே சொல்லிக்கொள்வார்.