மாப்பிள்ளை கேட்ட இடங்கள்

மஹேபூர்,
அக்டோபர் 12.

அன்பு மகள் நதேஜுக்கு அம்மா முத்தங்களோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளை டங்கனும் குட்டி எலோடியும் மாதா புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள், மெல்பர்னில் குளிரும் விட்டிருக்கும். இங்கே நாங்கள் எல்லாரும் சுகம், என் முட்டிவலிகூட முன்னைவிடத் தேவலை, ஏன் தேவலை என்று பிறகு சொல்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று முழிக்காதே. நான் அலோ என்றதும் நீ என்னை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், அந்தப் பக்கம் சட்டி உருளுகிறது, எலோடி விழுந்த பல்லைக் காட்டுகிறாள், மாப்பிள்ளை தனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சு வார்த்தையையும் என்மேல் கொட்டுகிறார், நான் சொல்ல வந்ததை முழுங்கிவிட்டு மழையைப் பற்றிப் பேசி வைத்துவிடுகிறேன். மாதக்கணக்காக முழுங்கி முழுங்கி எனக்கு நெஞ்செரிச்சலே வந்துவிட்டது.

அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்து படி. டெஸிரே என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். எந்த டெஸிரே என்றா கேட்கிறாய்? பஸ் டெஸிரேதான். நீ பள்ளிக்கூடத்துக்கு ஒரு கையில் சீப்பும் ஒரு கையில் ரொட்டியுமாக ஓடி வருவாயே, நீ படியில் கால் வைக்கும்வரை வண்டியை எடுக்காமல் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் திட்டு வாங்குவாரே, அதே ஆள். பெண்சாதி போய் எட்டு வருஷம் ஆகிறது, பிள்ளை குட்டி இல்லை. உன் அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் டோமினோ ஆடி எப்போதும் தோற்றுப்போனவர். இப்போது தண்ணீர் குடி, மீதியைப் படி.

போன மாதம் மாப்பிள்ளை போனில் நம் தீவைப் பற்றி ஏதேதோ படம் காட்டினார், ஏழு நிற மண், டால்பின், படகு இழுத்துப்போகும் பாராசூட். அப்புறம் அவரே, இதெல்லாம் வெளியூர்க்காரர்கள் போகிற இடம், டிசம்பரில் வரும்போது ஊர்க்காரர்கள் போய் உட்காருகிற இடத்துக்குக் கூட்டிப்போங்கள் மம்மா என்றார். நீ பின்னாலிருந்து சிரித்தாய், “அம்மாகிட்டப் போய்க் கேக்குறீங்களே, அவங்களுக்கு வீடு, கோயில், திங்கக்கிழமைச் சந்தை, இந்த மூணை விட்டா வேற வழியே தெரியாது” என்றாய். எனக்குச் சுருக்கென்றது. போன வருஷம்வரை நீ சொன்னது உண்மைதான், உன் அப்பா கஸ்தோன் போன பிறகு நான் கடலைக்கூட ஜன்னலிலிருந்துதான் பார்த்தேன். ஆனால் அடி பெண்ணே, இந்த வருஷம் உன் அம்மா சுற்றிய சுற்று உனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொல்கிறேன், மாப்பிள்ளைக்கும் படித்துச் சொல், ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆள் குறுக்கே வருவார், அதற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் பிளேன் ஷாம்பாஞ் மேடு. ஜூன் மாதம் சிவப்புக் கொய்யா பழுக்கிற நாளில் உன் ரொஸேட் சித்தி வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தாள், அதாவது டெஸிரேயின் வேனில் உட்கார்ந்து அவர் கையைத் தள்ளிவிட்டு அவளே அடித்தாள். வரமாட்டேன், துணி ஊறுகிறது என்றேன். “ஊறட்டும் அக்கா, நீயும் உள்ளேயே கெடந்து ஊறிப்போய்ட்டே” என்று செருப்பைக் கையில் கொடுத்து இழுத்துக்கொண்டு போனாள். மேலே மழைத் தூறல், புதருக்குள் பாதி ஊர், ஆளுக்கொரு வாளி, பொட்டலத்தில் உப்பும் மிளகாயும். ஒரு கொப்பை எட்டிப் பிடிக்கிறேன் என்று நான் சேற்றில் சறுக்கிப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். கை கொடுக்க வந்த டெஸிரே என் பக்கத்திலேயே அவரும் உட்கார்ந்துவிட்டார். ரொஸேட் வாளியோடு எங்கள் தலைக்குமேல் நின்று, “ரெண்டு பேரும் நல்லா எடம் பிடிச்சிட்டீங்க, இப்ப நான் யாரத் தூக்குறது? கிரேன் கூப்பிடவா?” என்றாள். நான் சிரித்தேன் நதேஜ், வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தேன். அப்பா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான், எனக்கே என் குரல் யாரோ மாதிரி கேட்டது. நீங்கள் வரும்போது கொய்யா முடிந்திருக்கும், பரவாயில்லை, லிச்சி இருக்கும், எலோடிக்குக் கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் க்யூர்பிப்பில் எரிமலைப் பள்ளம். காலையில் பனி இறங்கியிருக்கும்போது அதன் விளிம்பில் ஊரே நடக்கும், டாக்டர், டீச்சர், காய்கறிக்காரி எல்லாரும் ஒரே வட்டத்தில் சுற்றி ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டே போவார்கள். என் முட்டி அங்கே நடந்துதான் தேறியது. டெஸிரே ஒவ்வொரு வளைவிலும் பழைய பழக்கத்தில் நின்று, “யாராச்சும் எறங்குறீங்களா?” என்று பின்னால் வருகிறவர்களைக் கேட்பார், அவர்களும் “அடுத்த ஸ்டாப்பு!” என்பார்கள். சாயங்காலமானால் நம் மஹேபூர் கடலோரத்து பெஞ்சு. நீ சின்ன வயதில் அங்கே மூச்சு முட்ட ஓடுவாயே தவிர உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து பார், எதிரே சிங்க மலையில் வெளிச்சம் இறங்கும், படகுகள் திரும்பும், வேறு ஒன்றும் நடக்காது. டெஸிரே பேசாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்த மனுஷன். உன் அப்பா பாவம், ஒரு நிமிஷம் வாயை மூட மாட்டார், அந்தப் பேச்சை நான் இன்னும் தேடுகிறேன். இதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டும் உண்மை.

தெற்கே கிரி கிரியை மாப்பிள்ளைக்குக் கட்டாயம் காட்ட வேண்டும், அங்கே பவழத்திட்டு கிடையாது, கடல் நேரே வந்து பாறையில் மோதும், குளிக்கக் கூடாது, குழந்தை கையை விடவே கூடாது. அங்கேதான் கேட்டார். மோட்டார் பைக்கின் பின்னால் கண்ணாடிப் பெட்டி கட்டி, பருப்பு வைத்த டோல் பூரி விற்கிறவனிடம் ஆளுக்கொரு ஜோடி வாங்கி, காற்றில் காகிதம் பறக்காமல் பிடித்தபடி நின்று தின்றுகொண்டிருந்தோம். முழங்கைவரை குழம்பு வழிய, “மிரேய், மிச்ச தூரத்த நாம ரெண்டு பேரும் சேர்ந்தே போய்டலாமா?” என்றார். முதல்ல கையைத் துடைங்க என்றேன். பிறகு, என் பிள்ளைகளிடம் சொல்லாமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மிச்சத்தைத் தின்றார், திரும்பி வரும் வழியெல்லாம் விசிலடித்தார்.

இனி வருவது கஷ்டமான இடம். புளூ பே கடற்கரையில் உன் அப்பாவின் சவுக்கு மரம். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே யாராவது போய்த் துணி விரிக்காவிட்டால் அங்கே நிழல் கிடைக்காது, உனக்குத் தெரியாததா. எத்தனை வருஷம் அப்பா இருட்டோடு போய் அந்த மரத்தடியில் துணி விரித்து நமக்காகக் காத்திருப்பார். செப்டம்பர் கடைசியில் எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று உன் அண்ணன் ஃபாப்ரிஸையும் கூப்பிட்டிருந்தேன், சாப்பாட்டை இறக்கி வைத்துவிட்டு மெல்ல விஷயத்தைச் சொல்லலாம் என்று. டெஸிரே நமக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போய், நம் குடும்பத்து இடம் ஆயிற்றே, வேறு யாராவது பிடித்துவிடப் போகிறார்கள் என்று, அதே மரத்தடியில் தன் துணியை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டார். உன் அண்ணன் பிள்ளைகளோடு வந்தான், பார்த்தான், முகம் கறுத்துவிட்டது. “எங்கப்பா விரிச்ச எடத்துல நீங்க யாரு விரிக்கிறதுக்கு? எடுங்க அதை” என்றான். ரவான் மேளம் அடித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கூட்டம்கூடக் கையை நிறுத்திவிட்டது. டெஸிரே நாலு கல்லையும் எடுத்து ஓரமாக வைத்தார். துணியைச் சுருட்டினார், தான் சமைத்துக் கொண்டுவந்த பிரியாணி அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு மரமும் இல்லாத மணலில், கொளுத்துகிற வெயிலில் விரித்து உட்கார்ந்தார்.

நான் நடுவில் நின்றேன். இந்தப் பக்கம் நிழலில் என் மகன், பேரப்பிள்ளைகள், உன் அப்பாவின் மரம். அந்தப் பக்கம் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு ஒரு மனுஷன். என் தட்டை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போய் உட்கார்ந்தேன். டெஸிரே மெதுவாக, “தப்பு என்னோடதுதான் மிரேய், கேட்டுட்டு விரிச்சிருக்கணும், நீங்க பிள்ளைங்ககிட்டப் போங்க” என்றார். நான் போகவில்லை. ரொஸேட் குடையோடு வந்து சேர்ந்தாள். பிரியாணி எங்கள் பக்கம் இருந்ததால் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்தன, கடைசியில் உன் அண்ணியும் தட்டோடு வந்துவிட்டாள். ஃபாப்ரிஸ் மட்டும் அந்த நிழல் முழுவதையும் தனக்கே வைத்துக்கொண்டு வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். சிரிப்பாகவும் இருந்தது, என் பிள்ளை பட்டினி கிடக்கிறானே என்று வயிறும் எரிந்தது.

அதன் பிறகு உன் அண்ணன் பக்கத்து வீட்டிலிருந்துகொண்டே என்னோடு பேசவில்லை. போன சனிக்கிழமை ஒரு பெரிய மீனோடு அடுப்படி வாசலில் வந்து நின்றான். மீனை வாங்கிக்கொண்டு, டெஸிரே கல்யாணம் கேட்டதையும் போட்டு உடைத்துவிட்டுச் சொன்னேன், டேய், மரத்தைப் பற்றி நீ சொன்னது சரி, அது அப்பாவின் இடம், இனி அங்கே நீதான் விரிப்பாய். ஆனால் அந்த மனுஷனைப் பற்றி நீ நினைப்பது தப்பு. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “நதேஜ் சரின்னு சொன்னா எனக்கும் சரி, அவ வேணாம்னா எனக்கும் வேணாம், அவளக் கேளுங்க” என்று போய்விட்டான். எப்படிப் பந்தை உன் பக்கம் தள்ளிவிட்டான் பார்த்தாயா.

நான் உன்னைக் கேட்கப் போவதில்லை நதேஜ். அவ்வளவு தூரத்தில் இருக்கிற பெண்ணின் தலையில் அம்மாவின் வாழ்க்கையைத் தூக்கி வைப்பது நியாயமா? செவ்வாய்க்கிழமை அப்பாவின் கல்லறைக்குப் போய் பூ வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், அழுதேன், மனசு லேசானது. வெளியே வந்து வேனில் ஏறி டெஸிரேயிடம் சரி என்றேன். நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன், வண்டி மூன்று முறை நின்றுபோனது. கிறிஸ்துமஸ் கழிந்து வரும் சனிக்கிழமை நம் கோயிலில் கல்யாணம் என்று பேசி வைத்தாயிற்று, அப்போது நீங்கள் இங்கேதான் இருப்பீர்கள். பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை, பூசை, அப்புறம் வீட்டு முற்றத்தில் சாப்பாடு. மறுவாரம் புத்தாண்டுக்கு எல்லாரும் புளூ பே கடற்கரைக்குப் போவோம், அங்கே வேறு மரமா இல்லை.

உனக்குக் கோபம் வரலாம். வந்தால் ஒளிக்காதே, எழுதித் திட்டு, நான் தாங்குவேன். கல்யாணம் நிற்காது. ஆனால் ஒன்றே ஒன்று உன்னிடம் கேட்கிறேன், இது சம்மதம் கேட்பது அல்ல, வேறு. எனக்குப் பயமாக இருக்கிறது. இருபது வயதில் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், அப்போது பயமே இல்லை. இப்போது அறுபத்தொரு வயதில் ஊர் முழுக்கத் திரும்பிப் பார்க்க அந்த நடைபாதையில் தனியாக நடக்க என்னால் முடியாது. ஃபாப்ரிஸ் வருகிறேன் என்று சொல்லவில்லை, நான் கெஞ்சவும் மாட்டேன், அவனாக வந்தால் மற்றொரு கை இருக்கிறது. ரொஸேட் நான் வருகிறேன் என்று குதிக்கிறாள், அவள் வேகத்துக்கு நான் பீடத்தைத் தாண்டிப் பின்வாசல் வழியாகக் கடலில் போய் நிற்பேன். நீ வா. நீ என் பக்கத்தில் நடந்தால் ஊர் என்ன சொன்னாலும் என் காதில் விழாது.

எலோடியைத் தலை ஈரத்தோடு தூங்க விடாதே. மாப்பிள்ளை வெயிலில் சட்டையில்லாமல் அலைந்து போன முறைபோல் இறால் நிறத்துக்கு வர வேண்டாம் என்று சொல். கங்காரு போட்ட துண்டு இனி வாங்காதே, நாலு இருக்கிறது. ஆண்டவர் உங்கள் மூவரையும் பயணத்தில் கைவிடாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும், மாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும், தினமும் ராத்திரி உன் பெயரைச் சொல்லித்தான் நான் விளக்கணைக்கிறேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, பெட்டியில் ஒரு ஜோடி தட்டைச் செருப்பு வை. கோயில் தரை வழுக்கும், அன்றைக்கு நான் உன்மேல்தான் சாய்ந்து நடப்பேன்.

உன் கைக்காகக் காத்திருக்கும்
அம்மா
மிரேய்