லிட்டருக்கு நாலே முக்கால்

கும்மிடிப்பூண்டி,
புதன்கிழமை

அன்பு மகன் பார்த்திபனுக்கு அம்மா ஈஸ்வரி எழுதுவது. நானும் உன் நைனாவும் சுகம், வண்டியும் சுகம், எங்கள் இரண்டு பேரையும்விட அதுதான் நன்றாகச் சாப்பிடுகிறது. நீயும் கவிப்பிரியாவும் அந்தக் கனடா குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? கடுதாசி எழுதும் காலமா இது என்று கேட்பாய். போனில் பேசினால் உன் நைனா ஓடிவந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார், வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அதனால்தான் பக்கத்து வீட்டு சுமலதாவின் மகன் கனடா திரும்பும்போது வடகப் பொட்டலத்துக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். நீ ஏற்பாடு செய்த ஆள் வண்டியைப் பார்க்க வந்தாரா, விலை படிந்ததா என்று நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். வந்தார். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

ரிட்டையர் ஆன கையோடு கம்பெனியின் பழைய ஸ்டாஃப் பஸ்ஸை உன் நைனா ஏலத்தில் எடுத்தது உனக்குத் தெரியும். அதில் படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்து வீடாக்கியதையும் போட்டோவில் பார்த்திருப்பாய். போட்டோவில் எடை தெரியாது. கட்டில், அலமாரி எல்லாம் மரத்தில் செய்யலாமே என்றேன், இருபத்தாறு வருஷம் இரும்பு ஆலையில் இருந்த மனுஷன் கேட்பாரா? அத்தனையும் இரும்பு, அதற்கு மேல் வெல்டிங். என் சமையல் மேடை மேல் யானையே ஏறி நிற்கலாம். வண்டி டீசல் குடிக்க ஆரம்பித்ததும்தான் எடை ஞாபகம் வந்தது அவருக்கு. உடனே சிக்கனம் தொடங்கிவிட்டது. குக்கர் ஒன்று போதும், மிக்சி வேண்டாம், மாற்றுப் புடவை இரண்டுக்கு மேல் வேண்டாம். கடம்பத்தூர் சித்தப்பா தொண்ணூறு கிலோ என்பதால், "நீ ரயில்ல வந்துடு தம்பி, நாங்க வண்டில வர்றோம்" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா இன்னும் எங்களோடு பேசவில்லை. சித்திரை வெயிலில் உன் நைனா வாசலில் வண்டியை நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் படுத்தாரே, அது எந்தச் சிக்கனத்தில் சேர்த்தி என்று நான் கேட்கவில்லை. வீடு நகரவே இல்லை, டீசல் மட்டும் ஊர் சுற்றி வந்தது.

இத்தனைக்கும் லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுக்கிறது என்றுதான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் இல்லை, நிஜமாகவே நம்பினார். ஆலையில் ஜெனரேட்டர் ஆபரேட்டராக இருந்தவர் அல்லவா, அங்கே டேங்கில் குச்சி விட்டு டீசல் அளந்த பழக்கம். வண்டியில் இருக்கும் முள்ளை நம்பாமல், கோடு போட்ட ஒரு மூங்கில் குச்சியை வைத்துத்தான் போகும்போதும் வரும்போதும் அளப்பார். ஜெனரேட்டர் சிமெண்ட் மேடையில் நிற்கும், சாகிறவரை அசையாது. வண்டி அப்படியா? பங்கில் சமதரையில் ஓர் அளவு. வீட்டுக்கு வந்தால் நம் தெருச் சரிவில் முன்பக்கம் மேலே, பின்பக்கம் கீழே நிற்கும். டேங்கின் வாய் பின்பக்கம். டீசல் எல்லாம் பின்னால் ஓடிவந்து நின்றால் குச்சி மேல்கோடு வரை நனையத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டு, செலவே ஆகவில்லை என்று பூரித்துப் போவார்.

நீ அங்கே சொந்த வீடு வாங்க வேண்டும் என்று சிறுவாபுரி முருகனுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை வேண்டிக்கொண்டோம். வீடு வேண்டும் என்று கேட்கிற கோயிலுக்கு வீட்டையே ஓட்டிக்கொண்டு போனவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். மூன்றாவது செவ்வாய், புதுவாயலுக்கு முன்னால் நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டி நின்றுவிட்டது. டேங்க் காய்ந்து கிடக்கிறது. "குச்சி பொய் சொல்லாதுடீ" என்று சொல்லிக்கொண்டே கேனைத் தூக்கிக்கொண்டு பங்கைத் தேடி நடந்தார். நான் பசிக்கு உப்புமா கிளறினேன். வாசனைக்கு ஒரு லாரி ஓரம் கட்டியது. டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா மா, நாஷ்டா இன்னா கீது?" என்றார். கடை இல்லைப்பா, வீடு என்றேன். நம்பவில்லை. இரண்டு தட்டு கொடுத்து அனுப்பினேன். மறுநாள் விடிகாலையில் உன் நைனா யாருக்கும் சொல்லாமல் வண்டியை ரேஷன் கடை முன்னால் சமதரைக்குக் கொண்டுபோய்க் குச்சி விட்டுப் பார்ப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வந்து காபி கேட்டார். காலண்டர் பின்னால் சின்னதாக 4¾ என்று எழுதியிருந்தது. வெளியே மட்டும் பதினொன்று பதினொன்றாகவே இருந்தது.

இந்த நிலைமையில்தான் ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய வேப்பம்பட்டு எபினேசர் வந்தார். நல்ல மனுஷர். உன் நைனாவுக்கு விற்க மனமில்லை, ஆனால் பிள்ளை சொல்லிவிட்டானே என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் திறந்து காட்டினார். மைலேஜ் என்ன என்று கேட்டதும் மனுஷனுக்கு எங்கிருந்தோ மிடுக்கு வந்துவிட்டது. "பதினொண்ணு சார், ஹைவேல போனா பன்னெண்டே தருது" என்றார். எபினேசருக்கு முகம் மலர்ந்து, அட்வான்ஸ் எடுக்கப் பைக்குள் கையை விட்டுவிட்டார். நான் டீ கொண்டு வந்தவள், "சார், நாலே முக்கால்தான் குடுக்குது, போன மாசம் ரோட்லயே நின்னுடுச்சு" என்றேன். டீயைக் குடித்தார், மரியாதையாக எழுந்து போய்விட்டார். "இன்னாடீ, வெளியாளு முன்னாடி மானத்த வாங்கிட்டியே" என்று உன் நைனா ராத்திரிவரை சாப்பிடவில்லை.

நியாயத்துக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வண்டி போகக் கூடாது என்றுதான் சொன்னேன். இந்த டீசல் காசுக்கு டாக்ஸியிலேயே சுற்றலாமே என்கிறாய். டாக்ஸியில் கக்கூஸ் இல்லையே ராஜா. சர்க்கரை வந்த பத்து வருஷமாக அரை மணிக்கொரு தரம் போக வேண்டியிருக்கிற பொம்பளை, பஸ்ஸில் எங்கே இறங்குவாள், யாரிடம் சொல்வாள்? வெளியே கிளம்பினால் முதல் நாள் சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவேன். உன் கல்யாணத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டுதான் அட்சதை போட்டேன், நீ பார்த்திருக்க மாட்டாய். சொந்தத் தங்கை வீட்டு விசேஷத்துக்குக்கூட முழங்கால் வலி என்று பொய் சொல்லி இருந்துவிட்டேன். உன் நைனாவிடம் இதை நான் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. ஆனால் எடை எடை என்று என் மிக்சியைப் பிடுங்கிய மனுஷன், கக்கூஸுக்குத் தண்ணீர் போகிற இருநூறு லிட்டர் தொட்டியை மட்டும் ஒருநாளும் குறைத்து நிரப்பியதில்லை. அதைக் கவனித்த அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதனால் இனிமேல் ஆள் அனுப்பாதே. அனுப்பினால் அவர் பதினொன்று என்பார், நான் மூன்று என்பேன். ஆறு செவ்வாயும் முடித்துவிட்டோம், முருகன் உனக்கு நல்ல வீடாகக் கொடுப்பான், நீயும் கவிப்பிரியாவும் குறையில்லாமல் வாழ வேண்டும். வடகத்தை ஒரு வெயில் காட்டி டப்பாவில் போடு. அடுத்த வாரம் காளஹஸ்தி போகிறோம். மைலேஜ் என்ன ஆனாலும் ஆகட்டும், வழி நெடுகத் தண்ணீர் குடித்துக்கொண்டே போகப்போகிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
தே. ஈஸ்வரி