தமிழ் கதைக்கிற யாராவது இருக்கிறீங்களா?

வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் உன்னைக் கண்டேன். காலி வீதி மண்டபத்தின் இரும்பு வேலியில் ஆள் உயரத்துக்கு மேல் உன்னைப் பதாகையாக்கிக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். முகத்தை வெளுப்பாக்கி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, உன் வாய்க்குச் சற்றும் பழக்கமில்லாத ஒரு புன்னகையையும் ஒட்டியிருக்கிறார்கள். பின்னால் சூரியன் வேறு உதிக்கிறது. கீழே கொட்டை எழுத்தில், "உங்கள் வாழ்வின் நோக்கத்தைக் கண்டுபிடியுங்கள் – ஒருநாள் பட்டறை." அதற்கும் கீழே உன் பெயரைப் போட்டு, "சிறு வயதிலேயே தன் பாதையைக் கண்டடைந்து, அன்பினால் சேவை செய்தவர்" என்று எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சிறு வயதிலேயாம். அன்பினாலாம். ஐம்பது தாண்டும் மட்டும் நீ கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தவள். உன் வாழ்வின் நோக்கம் என்னவென்று அப்போது யாரும் கேட்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து இறால் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுக் காற்றாடிக்குக் கீழே நீட்டி நிமிர்ந்து படுப்பது என்று சொல்லியிருப்பாய். பொய்யாகவும் இருந்திராது. செத்தவளுக்கு வாய் இல்லை என்ற துணிவில் எதையும் எழுதிவிடுகிறார்கள். எனக்கு வாய் இருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடியே உனக்குச் சொல்கிறேன், நீயும் சரிபார்த்துக்கொள்.

நாம் சந்தித்தது அந்த அரசாங்க ஆஸ்பத்திரியின் சீனி வருத்த கிளினிக்கில். இரண்டு பேருக்கும் இரத்தத்தில் சீனி, இரண்டு பேருக்கும் கையில் கிளினிக் கொப்பி. காத்திருக்கிற மர வாங்கில் எனக்கும் உனக்கும் நடுவே பச்சைச் சேலை கட்டிய ஒரு வயதான மனுஷி ஒடுங்கி இருந்தா. அவவின் தலைக்கு மேலால் நீ என்னைப் பார்த்து, "அத ஹரி ரஸ்னய் நே, அக்கே" என்றாய். வெக்கை தாங்க முடியவில்லை என்று நானும் சிங்களத்திலேயே பதில் சொன்னேன். பிறகு மீன் விலை, டொக்டர் வரப் பிந்துவது, மருந்து எடுக்கிற வரிசை. காலை முழுக்க, அந்த மனுஷியை நடுவில் வைத்துக்கொண்டு, சிங்களத்தில் அளந்தோம். நீ கொட்டாஞ்சேனைத் தமிழச்சி, நான் வெள்ளவத்தைத் தமிழச்சி. என் சிங்களத்தில் யாழ்ப்பாணம் மணக்கவில்லையா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "மணந்திச்சு. நீங்க அனுராதபுரம் பக்கத்துச் சிங்களமாக்கும்னு நினைச்சேன்" என்றாய்.

இது கொழும்பில் மட்டும் நடக்கிற கூத்து. சின்ன வயதில் பஸ்ஸில் நான் சத்தமாகத் தமிழில் கதைத்தால் அம்மா தொடையில் கிள்ளுவா. உன் அம்மாவும் அதே இடத்தில்தான் கிள்ளுவாவாம். அந்தக் கிள்ளு எங்கள் தோலுக்குள்ளேயே தங்கிவிட்டது. முன்பின் தெரியாதவர்களோடு வாய் திறந்தால் முதலில் சிங்களம் வருகிறது, எதிரில் இருப்பவர் தமிழோ என்று யோசிப்பதற்கு முன்னமே. இதை மரியாதை என்று நாங்களும் சொல்லிக்கொண்டோம். பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைக்க வைத்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கிளினிக் முடிகிற நேரம், அந்தப் பச்சைச் சேலை மனுஷி எழும்பி நேர்ஸிடம் போனா. நேர்ஸ் சிங்களத்தில் ஏதோ சத்தம் போட்டா, கொப்பியில் அடுத்த மாதத்துத் திகதி ஒன்றைக் கிறுக்கி நீட்டினா. டொக்டர் போய்விட்டார். மனுஷி திரும்பி வந்து எங்களுக்கு நடுவே இருந்து, "முருகா" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினா.

"ஏம்மா, என்ன நடந்திச்சு?" என்று நீ கேட்டாய். தமிழில் கேட்டாய்.

நான் திடுக்கிட்டு, "நீங்கள் தமிழே?" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். அந்த மனுஷி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்தா. அங்கிருந்த டொக்டர் கொழும்புக்குத் துண்டு கொடுத்து அனுப்பியிருந்தார். இலக்கத்தைச் சிங்களத்தில் கூப்பிட்டபோது அவவுக்கு விளங்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆள் வரவில்லை என்று துண்டை ஒதுக்கிப் போட்டுவிட்டார்கள். "பக்கத்துல கேக்கலாம்னு பார்த்தேன். ரெண்டு பேரும் சிங்களத்துல பேசிக்கிட்டு இருந்தீங்க. அதான் கேக்கல" என்றா. பிறகு கோபமே இல்லாமல், "நீங்க ரெண்டு பேரும் தமிழாம்மா? அப்ப ஏம்மா இவ்வளவு நேரமா மறைச்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டா.

திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

நீ டொக்டரைத் தேடி ஓடினாய். மருந்து கொடுக்கிற இடத்தில் சண்டை போட்டாய். ஒன்றும் சரிவரவில்லை. அந்த மனுஷி மருந்து இல்லாமலே பஸ் ஏறிப் போனா. வெளியே வரும்போது வாசலில் மூன்று மொழியிலும் எழுதிய பலகை ஒன்று. தமிழிலும் உங்களுக்குச் சேவை பெற உரிமை உண்டாம். நீ அதற்கு முன்னால் நின்று, "பலகைக்குத் தமிழ் தெரியுது. பலகைக்குப் பின்னால ஒருத்தருக்கும் தெரியல்ல" என்றாய். உன் கை நடுங்கியது. உனக்குச் சீனி இறங்கிவிட்டதாக்கும் என்று பயந்து பையிலிருந்த பிஸ்கட்டை நீட்டினேன். "இது சீனி இல்ல, ஆத்திரம்" என்று சொல்லிவிட்டுப் பிஸ்கட்டையும் வாங்கிச் சாப்பிட்டாய்.

அடுத்த மாதம் அவவின் கொப்பியில் கிறுக்கின திகதிக்கு எனக்கும் கிளினிக். உனக்குக் கிளினிக் இல்லாமலே நீ வந்தாய். அந்த மனுஷியிடம் மன்னிப்புக் கேட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவதற்கு. அவவின் பெயர் உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவசரத்தில் கேட்க மறந்துபோனோம். நீ வாங்குகளுக்கு நடுவே நின்று, கொட்டாஞ்சேனைச் சந்தில் மீன்காரனைக் கூப்பிடுகிற அதே தொண்டையால் கேட்டாய்: "தமிழ் கதைக்கிற யாராவது இருக்கிறீங்களா?"

கிளினிக் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. காவல்காரன் கதவடியிலிருந்து ஓடிவந்தான். என் தொடையில் யாரோ கிள்ளியது மாதிரி இருந்தது. அந்த மனுஷி அங்கே இல்லை. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழும்பின. வவுனியாவிலிருந்து வந்த ஒரு ஐயா. மட்டக்குளியிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பிள்ளை. முகத்திரைக்குள்ளிருந்து ஒரு முஸ்லிம் தாய். எழும்பின கைகளை விட்டுவிட்டுப் போக உன்னால் முடியவில்லை. ஒவ்வொருவருக்காகவும் டொக்டரிடமும் நேர்ஸிடமும் சிங்களத்தில் கதைத்துக் கொடுத்தாய். அவ்வளவுதான் நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஒருத்தியைத் தேடிப் போனாய், அவ வரவில்லை, வேறு ஆட்கள் இருந்தார்கள். அதற்கடுத்த செவ்வாயும் அவவைத் தேடித்தான் போனாய். கடைசி மட்டும் அவ வரவே இல்லை.

அந்த வேலையை நீ விரும்பினாய் என்று எவராவது என் முன்னால் சொல்லட்டும் பார்ப்போம். ஆஸ்பத்திரி மணம் உனக்குக் குமட்டும். நின்று நின்று கால் வீங்கும். பஸ்ஸில் திரும்பும்போது வழிநெடுகத் திட்டிக்கொண்டு வருவாய்: டொக்டரை, மந்திரிமாரை, நேர்ஸ்மாரை, வருத்தக்காரரையும் சேர்த்து. "அந்த ஐயாட்ட மாத்திரை எத்தனை போடுறீங்கன்னு கேட்டா மகள்ட கல்யாணத்திலிருந்து தொடங்குறாரு."

"அப்ப ஏன் போறாய்? விட்டிட்டு வீட்டில இரன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"விட ஏலாம இருக்கு. செவ்வாய்க்கிழமை வந்தா அந்தப் பச்சைச் சாரி கண்ணுக்கு முன்னால வருது. பிடிச்சா செய்றேன்னு நினைச்சியா?" என்றாய். அன்றைக்குத்தான் 'நீங்கள்' போய் 'நீ' வந்தது.

உங்கள் கோவில் வாசலில் பாதிரியார் உன்னை மறித்து, இது ஆண்டவரின் அழைப்பு என்று புகழ்ந்த அன்று நானும் பக்கத்தில் நின்றேன். நீ கும்பிட்ட கையை இறக்கிவிட்டு, "ஃபாதர், அழைப்பு கிழைப்பு வேணாம். தமிழ் தெரிஞ்ச ஒராளைச் சம்பளத்துக்கு வைக்கச் சொல்லிக் கடிதம் ஒன்னு எழுதுங்க. நான் வீட்ட போய்ப் படுக்கிறேன்" என்றாய். அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. கடிதம் எழுதினாரோ தெரியாது, ஆள் மட்டும் வரவில்லை. உன்னைத் தூக்கிக் கொண்டாடுவது அவர்களுக்கு வசதியாக இருந்தது. ஒரு நல்ல மனுஷி நிற்கிறாள் என்றால் பிறகு அங்கே வேறு ஒருவரும் நிற்கத் தேவையில்லையே.

பொரளைக் கனத்தை மயானத்தில் உன்னைக் குழியில் இறக்கியபோதும் இதையேதான் பேசினார்கள். பிறவியிலேயே தியாகி என்றார் ஒருவர். மாரடைப்பு வந்த அன்று காலையிலும் நீ மரக்கறிக்காரனோடு சண்டை பிடித்தவள். அதைச் சொல்ல எனக்கு வாய் துடித்தது. சாவீடு என்று அடங்கிக்கொண்டேன்.

நேற்று அடங்கவில்லை. முருங்கைக்காயோடேயே மண்டபத்துக்குள் ஏறிப் போனேன். பட்டறை நடத்துகிற தம்பி, காதில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு மேடையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். நான் உன் சிநேகிதி என்றதும் முகம் மலர்ந்துபோனது.

"அன்ரி, கடவுள் அனுப்பின மாதிரி வந்திருக்கிறீங்கள். நாளைக்கு, செவ்வாய்க்கிழமை காலமை, ஒரு பத்து நிமிஷம் கதைக்க ஏலுமே? அவங்க தங்கட நோக்கத்தை எப்பிடிக் கண்டுபிடிச்சவங்க எண்டு."

"அவ கண்டுபிடிக்கேல்லை தம்பி. அவவுக்குக் கோபம் வந்தது" என்றேன். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"கோபம் எண்டு சொன்னா நெகட்டிவா இருக்கும் அன்ரி. பிள்ளையள் தங்களுக்கு என்ன விருப்பம், என்ன சந்தோசம் எண்டு உள்ளுக்க தேடிப் பாக்க வேணும். அதைத்தான் நாங்கள் சொல்லிக் குடுக்கிறம்."

"உள்ளுக்க தேடினா இறால் குழம்புதான் தம்பி கிடைக்கும். வெளியில ஒரு மனுஷி அழுதவ. இவ அதைப் பாத்தவ. அதுக்குப் பிறகு பாக்காத மாதிரி இருக்க ஏலாமப் போச்சு. இதைச் சொல்ல விடுவீங்களே?"

அவர் மேடையைப் பார்த்தார், பதாகையைப் பார்த்தார். "கொஞ்சம் மாத்திச் சொல்லலாம் அன்ரி" என்றார்.

கெட்ட பிள்ளை இல்லை. தேத்தண்ணீர் கூடத் தந்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வீட்டுக்கு வந்து முருங்கைக்காயை வெட்டும்போதுதான் உறைத்தது: செவ்வாய்க்கிழமை. நீ போனதிலிருந்து அந்த வாங்குகளுக்கு நடுவே ஒருவரும் நின்று கேட்கவில்லை. நானும் என் திகதிக்குப் போய், ஒருவர் முகத்தையும் பார்க்காமல் என் மருந்தை எடுத்துக்கொண்டு, வந்துகொண்டிருக்கிறேன். உன் படத்தை வைத்து நகரத்துக்கே நோக்கம் கற்பிக்கப் போகிற அதே காலையில், உன் இடம் வெறுமையாகக் கிடக்கப் போகிறது.

இன்றைக்கு அந்தச் செவ்வாய். மண்டபத்துக்கு முன்னால் பஸ் நின்றது, இளம் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நான் இறங்கவில்லை.

கிளினிக்கில் அதே நேர்ஸ். தலை கொஞ்சம் நரைத்திருக்கிறது. என்னைக் கண்டதும் எழும்பி வந்து, "அர அக்கா கோ?" என்று கேட்டா. அந்த அக்கா எங்கே என்று. நீ இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். பிறகு மேசையில் ஒதுக்கி வைத்திருந்த துண்டுகளைக் காட்டினா. கூப்பிட்டும் ஒருவரும் வராத துண்டுகள்.

எனக்கு உன் தொண்டை இல்லை என்று உனக்குத் தெரியும். வாங்குகளுக்கு நடுவே போய் நின்றேன். அம்மா கிள்ளிய இடம் வலித்தது, இந்த வயதிலும். முதல் முறை கேட்டது எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை வாயை நன்றாகத் திறந்து கேட்டேன்.

"தமிழ் கதைக்கிற யாராவது இருக்கிறீங்களா?"

சுவரோரம் ஒரு ஐயா கையைத் தூக்கினார். கதவடியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி தூக்கினாள். முன் வாங்கில் இரண்டு பெண்கள், நான் உள்ளே வந்ததிலிருந்து சிங்களத்தில் சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் ஒருத்தி மெல்லக் கையைத் தூக்கினாள். அதே நேரம் மற்றவளும் தூக்கினாள். தூக்கின கையோடு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் கோபம், அப்படியே, சூடு ஆறாமல். துண்டுகளை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனேன். முதல் வேலையாக ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டேன்.