பத்திரிகையில் போட்ட பட்டம்

ஆவணி 9, திங்கள்.

அண்ணனின் கல்யாணப் பத்திரிகையை நான்தான் வடிவமைத்தேன். எல்லாம் யூடியூபில் கற்றது. பெயரையும் பட்டத்தையும் எப்படி எழுதவேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் போடும் வீடியோக்களைக்கூட சினிமா டிரெய்லர் மாதிரித் திரும்பத் திரும்பப் பார்ப்பவன் நான்! முடிக்காத பட்டத்தைப் பெயரோடு போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அண்ணி பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி. இருந்தது, அண்ணன் பெயர் மொட்டையாக நின்றது. அவனிடம் காட்டாமலே தங்க எழுத்தில் பி.இ. சேர்த்துவிட்டேன். அவனுக்கு இன்னும் இரண்டு பாடம் தேறாமல் அரியர் இருக்கிறது.

இன்று ராசிபுரத்திலிருந்து அண்ணி கூப்பிட்டார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான்.

“ஏனுங்க, அரியரை மறைக்காம சொன்னீங்கன்னுதானுங்க நான் சம்மதிச்சேன். இப்ப ஊருக்கே பொய் அச்சடிச்சுக் குடுத்திருக்கீங்க. இந்தக் கல்யாணம் வேணுமான்னு யோசிக்கறேனுங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தான். “நாந்தானுங்க போடச் சொன்னேன்” என்றான். அவர் போனை வைத்துவிட்டார்.

“உடு சாமி, போய்ச் சோறு உண்ணு” என்றான் என்னிடம். அதைத்தான் தாங்க முடியவில்லை.

“அண்ணி, அவனுக்கு எதுவும் தெரியாதுங்க, போட்டது நான்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்து ஒரு மணி நேரம் ஆகிறது. மீதிப் பத்திரிகைகளில் பி.இ.யைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். தங்கம் உதிர்கிறது. எழுத்து பதிந்த பள்ளம் மட்டும் போகமாட்டேன் என்கிறது.