மேசையில் மட்டும் ஜெயிக்கும் டீம்

ஞாயிறு, இரவு

டிரா செய்திருந்தாலே அரையிறுதிக்குப் போயிருப்போம். தோற்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மேரு கால்பந்துத் திடலில் காலையிலிருந்து மழை. எங்கள் கோல் முன்னால் குட்டை மாதிரி தண்ணீர். ஆனாலும் எங்கள் கோச் சிவா அண்ணனுக்கு, கோல்கீப்பரிலிருந்தே சின்னச் சின்ன பாஸாகத்தான் ஆட வேண்டும். ஐரோப்பிய ஆட்டங்களை டிவியில் பார்த்துப் பிடித்த பைத்தியம். பந்தே உருளாத திடலில் எப்படி உருட்டுவது?

"அண்ணே, தூக்கி அடிச்சிருவோம்லா! தண்ணி நிக்குது!" என்று கத்தினேன்.

"பொறுமையா ஆடுங்கடா! தரையிலயே கொண்டு வாங்க!" என்றார்.

கடைசி நிமிடத்தில் கோல்கீப்பர் தினேஷ், டிஃபென்ஸில் நின்ற எனக்குத் தள்ளிய பந்து பாதியிலேயே தண்ணீரில் நின்றுவிட்டது. நான் போய்ச் சேருவதற்குள் அவர்கள் ஸ்ட்ரைக்கர் அதை உள்ளே போட்டுவிட்டான். போன வாரமும் இதே மாதிரிதான் ஒரு கோல் வாங்கினோம்.

பிறகு மாமாக் சாப்பாட்டுக் கடையில், அண்ணன் எங்கள் தே தாரிக் டீ கிளாஸ்களை மேசைமேல் ஆட்டக்காரர்களாக நிறுத்திப் பாடம் எடுத்தார். ஓர் எலுமிச்சைதான் பந்து.

"பாரு, நீ இன்னும் கிட்ட வந்து வாங்கியிருக்கணும்."

காய்ந்த மேசையில் எலுமிச்சை அழகாக உருண்டது. ஒரு பாஸ்கூடத் தப்பவில்லை. மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோல் பக்கத்தில் எனக்குப் பதிலாக நின்ற கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டேன்.

அண்ணன் பதறிப்போனார். "டேய், இப்ப டிஃபென்ஸ்ல யாருடா நிக்கிறது?"